பழைய பாப் பாடல்களின் மாற்று வடிவங்கள்: எந்த மறுவெளியீட்டில் தேடுவது?

பழைய பாப் பாடல்களின் மாற்று வடிவங்களைக் குறுந்தகடுகளில் தேடுவோர் இரு வகைப்படுவர். அந்தக் காலத்தில் சிங்கிளாக (ஒரு பாடலுக்கென்று தனியே வந்த சிறு இசைத்தட்டாக) விற்று, வானொலியில் ஓயாமல் ஒலித்து, பின்னாளில் ஆல்பம் வடிவத்தால் ஓரங்கட்டப்பட்ட பதிவைத் தேடுவோர் ஒரு வகை. ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியே வராத டேக்குகளை (ஒரே பாடலைப் பதிந்த வெவ்வேறு முயற்சிகளை) கேட்க விரும்புவோர் மற்றொரு வகை. ‘அரிய வடிவங்கள்’ என்ற பெயரில் பெரிய பெட்டிகளாக விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டாம் வகையினருக்கானவை. முதல் வகையினர் அவற்றை வாங்கினால், ஏராளமான பதிவுகள் கைக்கு வந்தும் தேடிய ஒன்று மட்டும் வராமல் போகலாம். எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொண்டால்தான் எந்த மறுவெளியீடு சிறந்தது என்று சொல்ல முடியும்.

ஒரே பாடல் பல வடிவங்களில் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரே பதிவை மோனோவாகவும் (ஒரே ஒலித்தடம்) ஸ்டீரியோவாகவும் (இடம், வலம் என இரு தடங்கள்) தனித்தனியே மிக்ஸ் செய்திருப்பார்கள், அதாவது பதிந்த குரல்களையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்திருப்பார்கள். வானொலிக்காக நீளத்தை வெட்டியிருப்பார்கள். முற்றிலும் வேறு டேக்கைப் பயன்படுத்தியிருப்பார்கள். பழைய பதிவின் மேல் புதிய வாத்தியங்களைச் சேர்த்திருப்பார்கள். சைமன் அண்டு கார்ஃபங்கலின் ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ 1964ஆம் ஆண்டு ஆல்பத்தில் அக்கூஸ்டிக் பாடலாகத்தான் வந்தது. தயாரிப்பாளர் டாம் வில்சன் 1965 ஜூனில், பாடியவர்களைக் கேட்காமலேயே, அதே குரல்களுக்குப் பின்னால் மின்கிதாரையும் டிரம்ஸையும் சேர்த்துச் சிங்கிளாக்க, அதுவே 1966இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. இங்கே இரண்டு வடிவங்களும் எளிதில் கிடைக்கின்றன. எல்லாப் பாடல்களுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

தேடுவோர் கையில் முதலில் கிடைப்பது சாதாரண ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தட்டு. பழகிய பாடல்களைக் கேட்க அது போதுமே தவிர, மாற்று வடிவம் தேடுபவருக்கு அதன்மேல் நம்பிக்கை வைக்க இடமில்லை. தொகுப்பாளர்கள் கைக்கு எளிதில் வரும் ஆல்பத்தின் ஸ்டீரியோ டேப்பையே பெரும்பாலும் எடுத்தாள்கிறார்கள். டோர்ஸ் குழுவின் ‘லைட் மை ஃபயர்’ ஆல்பத்தில் ஏழு நிமிடம் ஓடுகிறது; 1967இல் வானொலியில் வெற்றிபெற்ற சிங்கிளோ, ஆர்கன், கிதார் தனி வாசிப்புகளின் பெரும்பகுதியை வெட்டி மூன்று நிமிடத்திற்குள் சுருக்கப்பட்டது. அந்தக் குழுவின் ஹிட்ஸ் தொகுப்புகளில் நீண்ட வடிவத்தைத்தான் அதிகம் காணலாம். சிங்கிள் வேண்டுமென்றால் 2017இல் வந்த ‘தி சிங்கிள்ஸ்’ என்ற இரட்டைத் தட்டே நேரான வழி.

பீட்டில்ஸின் ‘லவ் மீ டூ’ இன்னும் நுட்பமான சிக்கல். 1962 செப்டம்பர் 4 அன்று ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசித்த பதிவு உண்டு. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, குழுவைச் சேராத ஆண்டி ஒயிட் டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோவின் கையில் டாம்பரின் கொடுக்கப்பட்ட பதிவும் உண்டு. முதலில் வந்த சிங்கிளில் இருந்தது முன்னது. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஆல்பத்திலும் 2000ஆம் ஆண்டின் ‘1’ தொகுப்பிலும் இருப்பது பின்னது. காதால் பிரித்தறிவது எளிது: டாம்பரின் கேட்டால் அது ஆண்டி ஒயிட் பதிவு. ரிங்கோ பதிவைக் குறுந்தகட்டில் பெற, 1988இல் வந்த ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ முதல் தொகுதிக்குப் போக வேண்டும். மூல டேப் எஞ்சாததால் அது இசைத்தட்டிலிருந்தே எடுக்கப்பட்டது. ஒலி சற்று மங்கலாக இருந்தால் தட்டைக் குறை சொல்வதற்கில்லை. அதே ஆண்டு ஜூனில், ரிங்கோவுக்கு முன் குழுவில் இருந்த பீட் பெஸ்ட் டிரம்ஸ் வாசித்த மூன்றாவது பதிவு 1995ஆம் ஆண்டு ‘ஆந்தாலஜி 1’இல் இருக்கிறது. ஒரு பாடலுக்கு மூன்று தட்டுகள், அவை மூன்றும் மூன்று வேறு நோக்கங்களுக்காகத் தொகுக்கப்பட்டவை.

முதல் வகைத் தேடலுக்குச் சிங்கிள்களின் முறையான தொகுப்பை மிஞ்சிய சாதனம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சிங்கிள்ஸ் கலெக்‌ஷன்: தி லண்டன் இயர்ஸ்’ (1989, மூன்று தட்டுகள்) இதற்கு நல்ல முன்மாதிரி. மோடவுன் நிறுவனத்தின் சிங்கிள்களை ஆண்டுவாரியாக, இரு பக்கங்களையும் விடாமல், சிங்கிளுக்கென்றே செய்த மிக்ஸ்களில் தந்த ‘தி கம்ப்ளீட் மோடவுன் சிங்கிள்ஸ்’ வரிசை 2005இல் தொடங்கி 2013இல் 14 பெட்டிகளுடன் நிறைவுற்றது. புகழ்பெற்ற பாடலோடு யாரும் கேட்டிராத பாடலும் வரிசையாக வருவதால் ஒரே அமர்வில் கேட்க அவை அலுப்பூட்டும் என்பது உண்மைதான். ஆனால் சிங்கிளில் இருந்த வடிவம் எது என்ற ஐயத்திற்கு அந்தப் பெட்டிகள் இடம் வைப்பதில்லை. தேடுபவருக்கு அதைவிட வேண்டுவது வேறென்ன?

இரண்டு ஆல்பங்களை ஒரே தட்டில் அடக்கிய மறுவெளியீடுகள் தோற்றத்தில் எளியவை, பயனில் பெரியவை. பீச் பாய்ஸின் ஆல்பங்களை 1990இல் கேபிடல் நிறுவனம் இப்படி வெளியிட்டது. ‘டுடே!’ ஆல்பத்தின் ‘ஹெல்ப் மீ, ரோண்டா’ வேறு, சில வாரங்களில் புதிதாகப் பதிந்து சிங்கிளாக வந்து முதலிடம் பிடித்த ‘ஹெல்ப் மீ, ரோண்டா’ வேறு. ஆல்பத்தில் பெயரின் நடுவே ‘எச்’ எழுத்து இருக்காது என்பதை அடையாளமாகக் கொள்ளலாம். சிங்கிள் வடிவம் அடுத்த ஆல்பமான ‘சம்மர் டேஸ்’இல் இடம்பெற்றதால், இரு ஆல்பங்களையும் சேர்த்த தட்டில் இரண்டும் கிடைக்கின்றன. ‘பி ட்ரூ டு யுவர் ஸ்கூல்’ பாடலின் சிங்கிள் வடிவம், ஹனீஸ் என்ற பெண்கள் குழுவின் ஆரவார முழக்கத்தோடு, இன்னொரு இணைத்தட்டில் போனஸாக வந்தது. 2012இல் அதே நிறுவனம் பல ஆல்பங்களின் மோனோ, ஸ்டீரியோ மிக்ஸ்கள் இரண்டையும் ஒரே தட்டில் தந்தது. மிக்ஸ்களை ஒப்பிட விரும்புவோருக்கு அது மேலானது. ஆனால் பழைய இணைத்தட்டுகளின் போனஸ் பாடல்கள் அதில் இல்லை. புதிய மறுவெளியீடு வந்துவிட்டதென்று பழையதை விற்றுவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மோனோ பெட்டிகளைப் பற்றிப் பேசும்போது பலர் ஏக்கத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். காரணம் ஏக்கம் மட்டுமன்று. 1960களின் நடுப்பகுதிவரை மோனோவே விற்பனைக்குரிய முதன்மை வடிவம் என்பதால், மெனக்கெட்டு உழைத்ததெல்லாம் அந்த மிக்ஸில்தான்; ஸ்டீரியோ பின்னால் விரைவாக முடிக்கப்பட்டது. விளைவுகள் காதுக்கே தெரிபவை. பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’ பாடலின் மோனோ மிக்ஸில் முதன்மைக் குரலே வேறு பதிவு. ‘ஷி’ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கிறது. ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ மோனோவில், முடிவில் ரிங்கோ விரல் கொப்புளங்களைப் பற்றிக் கத்துவது இல்லை. இவற்றுக்கு 2009ஆம் ஆண்டின் ‘தி பீட்டில்ஸ் இன் மோனோ’ பெட்டியே சரியான இடம். அதில் இன்னொரு பயனும் உண்டு: 1987 முதல் குறுந்தகட்டில் வந்த ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ ஆகிய இரண்டும் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் மறுபடி செய்த ஸ்டீரியோ மிக்ஸ்கள். 1965இன் மூல ஸ்டீரியோ மிக்ஸ்கள் இந்த மோனோ பெட்டிக்குள்தான் சேர்க்கப்பட்டன. ஸ்டீரியோவுக்காக மோனோ பெட்டி வாங்க வேண்டியிருப்பது சிரிப்பை வரவழைக்கும், ஆனால் நிலைமை அதுதான்.

ஒலிப்பதிவு அமர்வுகளை முழுவதுமாகத் திறந்து காட்டும் பெட்டிகள் இரண்டாம் வகையினருக்கு விருந்து. 1997இல் வந்த பீச் பாய்ஸின் ‘தி பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்’ நான்கு தட்டுகளில் வாத்தியங்களைத் தனியாகவும் குரல்களைத் தனியாகவும் கேட்கத் தருகிறது. ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தின் முதல் ஸ்டீரியோ மிக்ஸும் அதில்தான் வந்தது. கவனிக்க வேண்டியது, ‘வுட்ன்ட் இட் பி நைஸ்’ பாடலின் நடுப்பகுதியில் 1966 மோனோவில் மைக் லவ் பாடுகிறார். அவர் குரல் பதிந்த டேப் அப்போது கிடைக்காததால் இந்த ஸ்டீரியோ மிக்ஸில் அதே வரிகளை பிரையன் வில்சன் பாடக் கேட்கிறோம். அதாவது இது மாற்று வடிவம் என்றே கொள்ளத்தக்கது, மூலத்தின் தெளிவான நகல் அன்று. எல்விஸ் பிரெஸ்லிக்கு 1999இல் தொடங்கப்பட்ட ஃபாலோ தட் ட்ரீம் என்ற சேகரிப்பாளர் லேபிளும், ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனத்தின் தடித்த பெட்டிகளும் இதே வழியில் வருபவை. உழைப்பும் குறிப்புகளும் போற்றத்தக்கவை. எனினும் ஒரே பாடலின் ஏழாவது டேக்கையும் எட்டாவது டேக்கையும் அடுத்தடுத்துக் கேட்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது.

மலிவுத் தொகுப்புகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஒன்று, மறுபதிவு. கலைஞர் நிறுவனம் மாறியபின் தம் பழைய வெற்றிப் பாடல்களைப் புதிதாகப் பாடித் தருவது வழக்கம்: எவர்லி சகோதரர்கள் கேடன்ஸ் நிறுவனக் காலப் பாடல்களை வார்னர் நிறுவனத்திற்காக 1964இல் பாடினார்கள், சக் பெர்ரி மெர்க்குரிக்காக 1967இல் பாடினார், ராய் ஆர்பிசனின் 1987ஆம் ஆண்டு ‘இன் ட்ரீம்ஸ்’ தொகுப்பும் அத்தகையதே. எவர்லி தொகுப்பில் வார்னரின் அசல் பாடல்களும் கலந்திருப்பதால் ஏமாறுவது எளிது. ‘அசல் கலைஞர்கள்’ என்ற வாசகம் ‘அசல் பதிவுகள்’ ஆகிவிடாது. பின்னட்டையின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். இரண்டு, பதிவு உரிமை தீர்ந்த பாடல்களின் ஐரோப்பியத் தொகுப்புகள். பதிவு உரிமை 2013இல் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டிக்கப்பட்டபோது, 1962 வரை வெளிவந்தவை ஏற்கெனவே உரிமை தீர்ந்திருந்தன. அவற்றை எவரும் வெளியிடலாம் என்பதால் தட்டுகள் குவிந்தன; மூலம் எது, மிக்ஸ் எது என்ற குறிப்பை அவற்றில் எதிர்பார்ப்பது வீண்.

வாங்கிய தட்டில் இருப்பது உண்மையான மோனோ மிக்ஸா, ஸ்டீரியோவின் இரு தடங்களைக் கலந்து ஆக்கியதா என்பதை வீட்டுக் கணினியிலேயே சோதிக்கலாம். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒரு தடத்தைத் தலைகீழாக்கி (இன்வெர்ட் செய்து) மற்றதோடு சேர்த்தால், மோனோ என்றால் முழு அமைதி கிடைக்கும். அடுத்து அந்தப் பாடலின் ஸ்டீரியோ வடிவத்தையும் மோனோவாகக் கலந்து அருகருகே வைத்துக் கேட்க வேண்டும். வாத்தியங்களின் அளவும் இறுதியில் ஒலி தேய்ந்து மறையும் இடமும் அச்சாக ஒத்துப்போனால் அது கலந்து ஆக்கியதே என்று ஐயப்படலாம். குரலின் எதிரொலியோ தேயும் நேரமோ மாறினால் தனி மிக்ஸ்.

சிங்கிளைத் தேடுவோர் சிங்கிள் தொகுப்பையும், அது இல்லாதபோது போனஸ் பாடல்களோடு வந்த 1990களின் ஆல்பத் தட்டுகளையும் நாடுவதே என் பரிந்துரை. அமர்வுப் பெட்டிகள் அதற்குப் பிறகுதான். இவற்றில் பல இப்போது பழைய தட்டுகளாகவே கிடைக்கும். அட்டைப் படம் பல பதிப்புகளுக்கு ஒன்றே என்பதால், விற்பவரிடம் முதுகுப் பகுதியில் அச்சிட்ட பட்டியல் எண்ணையும் பின்னட்டையில் உள்ள பாடல் நேரங்களையும் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.