ஃப்ரோனேசிஸ்: நற்குணமா, சாமர்த்தியமா, முன்யோசனையா?

புதிய ஏற்பாட்டுல ஃப்ரோனேசிஸ்ங்கற கிரேக்க சொல் ரெண்டே இடத்துலதான் வருது, லூக்கா 1:17லயும் எபேசியர் 1:8லயும். நம்ம பழைய தமிழ் பைபிள்ல முதல் இடத்துல ஞானம், ரெண்டாவதுல புத்தின்னு இருக்கு, அதனால ரெண்டும் ஒரே சொல்லுன்னு வாசிக்கறவங்களுக்கு தெரியவே வழியில்ல. ஆனா இதோட உரிச்சொல் ஃப்ரோனிமோஸ் (புத்தியுள்ள) 14 தடவை வருது, அதுல பாதி மத்தேயுலயே இருக்கு, அர்த்தத்த பிடிக்கணும்னா அங்கருந்துதான் ஆரம்பிக்கணும்.

நிறைய பேர் அரிஸ்டாட்டில வச்சுத்தான் இத விளக்குவாங்க. எது நல்ல வாழ்க்கைக்கு உதவும்னு சரியா யோசிச்சு முடிவெடுக்கற குணம்தான் அவருக்கு ஃப்ரோனேசிஸ், நல்லவனா இல்லாம ஒருத்தன் ஃப்ரோனிமோஸா இருக்கவே முடியாதுன்னு அடிச்சு சொல்றார், நோக்கம் கெட்டதா இருந்தா அது வெறும் பனூர்கியா, அதாவது தந்திரம். அழகான விளக்கம்தான், ஆனா லூக்கா 16க்கு வந்தா அப்படியே உடைஞ்சுடுது.

அங்க வேலை போகப்போற உக்கிராணக்காரன், அதாவது எஜமானோட சொத்த பாத்துக்கறவன், என்ன பண்றான்? மண்வெட்ட தெம்பில்ல, பிச்சையெடுக்க வெட்கம், உடனே எஜமானோட கடனாளிகள ஒவ்வொருத்தரா கூப்பிட்டு 100 குடம் எண்ணெய 50ன்னு எழுத வைக்கறான், 100 கலம் கோதுமைய 80ன்னு மாத்தறான், அதுவும் "சீக்கிரமாய் உட்கார்ந்து" எழுதுன்னு அவசரப்படுத்தறான். எஜமான் அவன புத்தியா செஞ்சான்னு மெச்சறார், அந்த "புத்தியாய்"ங்கறதும் இதே சொல்லோட வினையடைதான், அதே வசனத்துலயே அவன அநீதியுள்ளவன்னும் சொல்லியாச்சு.

அப்போ வெறும் சாமர்த்தியம்னு எடுத்துக்கலாமா? கிரேக்க பழைய ஏற்பாட்டுல ஆதியாகமம் 3:1ல சர்ப்பத்துக்கும் இதே சொல்லுதான், மத்தேயு 10:16லயும் சர்ப்பங்கள போல இருங்கன்னு வருது, ஆனா கூடவே புறாக்கள போல கபடமில்லாம இருங்கன்னும் இருக்கே. பவுலும் 2 கொரிந்தியர் 11:3ல சர்ப்பம் ஏவாள ஏமாத்தினத சொல்லும்போது இந்த சொல்ல விட்டுட்டு பனூர்கியாவ எடுக்கறார், அது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா சாமர்த்தியம் மட்டுமே அர்த்தம்னா மாத்த வேண்டிய அவசியமே இல்லையே.

எனக்கு சரின்னு படறது மூணாவது, வரப்போறது என்னன்னு புரிஞ்சு அதுக்கு இப்பவே செயல்படறது. மத்தேயு 25ல மணவாளனுக்காக விளக்கோட காத்திருந்த பத்து கன்னிகைகள பாருங்க, பத்து பேருமே தூங்கிட்டாங்க, புத்தியுள்ள அஞ்சு பேரும் சேர்த்துத்தான், வித்தியாசம் விளக்குக்கு கூடுதலா கையில இருந்த எண்ணெய் மட்டுமே. கன்மலை மேல வீடு கட்டினவனும் மழை வர்றதுக்கு முன்னாடியே கட்டிட்டான், உக்கிராணக்காரனும் கணக்கு கேட்கற நாளுக்கு முன்னாடி வேலைய முடிச்சுட்டான்.

இதுக்கு நல்ல பரிசோதனை லூக்கா 12ல இருக்கற ஐசுவரியவான். அவன் பிளான் போடாதவன் இல்ல, களஞ்சியத்த இடிச்சு பெருசா கட்டி பல வருஷத்துக்கு சேர்த்து வைக்கறவன், ஆனா தேவன் அவன ஆஃப்ரோன்னு கூப்பிடறார், மதிகேடன், அதே வேர்லருந்து வர்ற எதிர்ச்சொல். பல வருஷத்துக்கு கணக்கு போட்டவன் அன்னிக்கு ராத்திரியே உயிர் போகப்போறத கணக்குலயே எடுக்கல.

லூக்கா 1:17ல மட்டும் அரிஸ்டாட்டில் பக்கம் கொஞ்சம் சாயறேன், அங்க நீதிமான்களோட ஃப்ரோனேசிஸ்னு வருது, நல்ல குணத்தோட சேர்த்துத்தான் அத படிக்க முடியும், ஆனா அடுத்த வரியிலயே கர்த்தருக்கு ஜனத்த ஆயத்தப்படுத்தறதுன்னு முன்னேற்பாடும் வந்துடுது. எபேசியர் 1:8 அத தாண்டி போகுது, அங்க இந்த ஃப்ரோனேசிஸ் தேவனோடதாவே இருக்கலாம், ரெண்டு வசனம் தள்ளி காலங்கள் நிறைவேறும்போது செய்யற ஏற்பாட்ட பத்தி பவுல் பேசறார், அதுக்கு அவர் போடற சொல் ஒய்கொனோமியா, உக்கிராணக்காரன குறிக்கற ஒய்கொனோமோஸோட குடும்பம்தான் அது.