தாழ்ந்த ஒலியில் இசை: ஆக்டிவ் ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபையருடன் புக்ஷெல்ஃபா?

புதுச்சேரியின் வைசியாள் வீதி போன்ற பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், இரவில் பாட்டுக் கேட்க விரும்புகிறவர் ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைவிட, ஒலியைத் தாழ்த்தும்போது அதில் இசை எந்த அளவுக்கு மிஞ்சுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கடைகளிலோ உரக்க ஒலிக்கவிட்டுத்தான் காட்டுகிறார்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே கொண்ட ஆக்டிவ் ஸ்பீக்கரையும், தனி ஆம்ப்ளிஃபையரோடு இணைக்க வேண்டிய சிறிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரையும் இந்தக் கோணத்தில்தான் ஒப்பிடுகிறேன்.

ஒலி குறையக் குறைய நம் காது மற்ற ஒலிகளைவிடத் தாழ்ந்த அதிர்வுகளை, அதாவது பேஸ் ஒலிகளை, விரைவாக இழக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து 1933-இல் வெளியிட்டார்கள். இன்றைய ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் அளவுள்ள ஒலிக்கு ஈடாக 100 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ வேண்டுமென்றால், அது ஏறத்தாழ 64 டெசிபெல் இருக்க வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியும் தம்பூராவின் மந்தரத் தந்தியும் இரவில் மங்கிப்போவதற்கு இதுவே காரணம். அதைப் பெரும்பாலும் ஸ்பீக்கரின் குறை என்று எண்ணி, இன்னும் பெரிய பெட்டியை வாங்கிவிடுகிறோம்.

ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களுக்கு இந்த இடத்தில்தான் மேல்கை கிடைக்கிறது. யமஹாவின் ஏ-எஸ்301 போன்ற ஆம்ப்ளிஃபையர்களில் லவுட்னஸ் குமிழ் ஒன்று உண்டு. அதைக் கொண்டு, ஒலியைத் தாழ்த்தும் அளவுக்கேற்பக் காது இழப்பதைப் படிப்படியாக ஈடுசெய்யலாம். வாட் கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்: ஒரு வாட்டுக்கு 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கர், ஒரு மீட்டர் தொலைவில் 67 டெசிபெல் எழுப்ப ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு போதும்.

ஆக்டிவ் ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் இடமும் செலவும் மிச்சம். மேசையில் வைத்து அருகில் அமர்ந்து கேட்பதற்கு அது பொருத்தமானது. கேட்கும் தொலைவைப் பாதியாக்கினால் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும் என்பதால், அண்டை வீட்டுக்குப் போகும் ஒலியைக் கூட்டாமலேயே நமக்குத் தெளிவு கிடைக்கிறது. ஆனால் பல ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் பாட்டு நின்ற பிறகும் உயர்ந்த அதிர்வுகளை எழுப்பும் ட்வீட்டரிலிருந்து ஒரு மெல்லிய சீறல் வந்துகொண்டே இருக்கும். ஒலியளவைக் குறைத்தாலும் அது குறைவதில்லை. உரத்த இசையில் மறைந்துவிடும் இந்தச் சீறல், ஆலாபனையின் இடைமௌனங்களில் என்னை மிகவும் உறுத்துகிறது.

தாழ்ந்த அதிர்வுகளுக்கென்றே உள்ள தனி சப்வூஃபர் பெட்டியைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாழ்ந்த அதிர்வுகள்தாம் பொதுச்சுவரை எளிதில் கடக்கின்றன.

கடலூரிலும் புதுச்சேரியிலும் காற்றின் ஈரத்தையும் உப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த அதிர்வுகளை எழுப்பும் பெரிய கூம்பான வூஃபரின் விளிம்பு ஃபோமாக இருந்தால் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். ரப்பர் விளிம்பு நெடுநாள் தாங்கும். பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் முன்வலையைக் கழற்றி இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மேசையருகே மட்டும் கேட்பவர்கள் ஆக்டிவ் ஸ்பீக்கரை வாங்கலாம். ஆனால் கடையிலேயே பாட்டை நிறுத்தி, வீட்டில் உட்காரும் தொலைவில் நின்று சீறல் கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கூடத்தில் அமர்ந்து கேட்பவர்களுக்கு, லவுட்னஸ் வசதியுள்ள ஆம்ப்ளிஃபையரும் அதனுடன் இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களுமே என் தேர்வு.