ஸ்பிரிங்கா, எமுலேட்டரா, கார்ட்ரிட்ஜா, முழு ஃபோர்க்கா? ட்ராக்குக்கு முன் சஸ்பென்ஷனில் எதை மாற்றுவது

நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை அழுத்தியதும் பைக்கின் முன்பக்கம் ஒரேயடியாக டைவ் அடித்து அடிவரை போய் முட்டுகிறது. அதற்குமேல் அமுங்க இடமில்லாததால் டயர் தரையில் தத்துகிறது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டால் ஃபோர்க் (முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும், ஸ்பிரிங் வைத்த குழாய்கள்) விசுக்கென்று எழும்பி, உள்ளே திரும்ப வேண்டிய பைக் வெளியே ஓடப் பார்க்கிறது. ரோட்டுக்காகச் செய்த பைக்கை ட்ராக்கில் விட்டவர்களுக்கு இந்த மூன்றும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய நான்கு வழி இருக்கிறது. ஸ்பிரிங்கையும் ஆயிலையும் மட்டும் மாற்றலாம், பழைய ஃபோர்க்குக்குள் எமுலேட்டர் என்னும் சின்ன வால்வைப் போடலாம், உள்பாகம் முழுவதையும் எடுத்துவிட்டு கார்ட்ரிட்ஜ் கிட் போடலாம், இல்லையென்றால் ஃபோர்க்கையே கழற்றிவிட்டு பெரிய பைக்கின் ஃபோர்க்கை மாட்டலாம். முதல் மூன்றையும் என் பைக்கிலேயே செய்து பார்த்திருக்கிறேன். நான்காவதில் ஒரு நண்பருக்குக் கூடமாட நின்று வேலை செய்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடைக்குப் பொருந்தாத ஸ்பிரிங் உள்ள விலையுயர்ந்த ஃபோர்க்கைவிட, பொருந்தும் ஸ்பிரிங் போட்ட சாதாரண ஃபோர்க்தான் ட்ராக்கில் நம்பி ஓட்டக்கூடியது. ஸ்பிரிங்கைத் தாண்டிச் செலவு செய்ய முடியும் என்றால் கார்ட்ரிட்ஜுக்குப் போங்கள். எமுலேட்டர் நல்ல பொருள், ஆனால் ட்ராக்கில் அதன் எல்லை சீக்கிரம் தெரிந்துவிடும். முழு ஃபோர்க் மாற்றம் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை.

எதை வாங்குவதற்கு முன்னாலும், உங்கள் ஃபோர்க்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிஞ்ஜா 300, எஸ்வி650 மாதிரி பைக்குகளில் இருப்பது டேம்பர் ராட். துளை போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். துளையின் அளவு மாறாது என்பதால் அமுங்கும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். அதனால்தான் பிரேக் பிடிக்கும்போது, அதாவது ஃபோர்க் மெதுவாக அமுங்கும்போது, எதிர்ப்பே இல்லாத மாதிரி சரிந்து போகிறது, அதே ஃபோர்க் கர்ப் (ட்ராக் ஓரத்து மேட்டு விளிம்பு) மேல் ஏறினால் இரும்புக்கம்பி மாதிரி கையில் அடிக்கிறது. ஆயிலைக் கெட்டியாக்கினால் டைவ் கொஞ்சம் குறையும், ஆனால் அடி இன்னும் பலமாக விழும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும் என்பதுதான் இந்த அமைப்பின் அடிப்படைச் சிக்கல்.

கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் ஆயில் ஒரு பிஸ்டன் வழியாகப் போகிறது, அந்தப் பிஸ்டனின் வாயை ஷிம் என்னும் மெல்லிய உருக்குத் தகடுகளின் அடுக்கு மூடியிருக்கும். அழுத்தம் கூடக்கூட தகடுகள் வளைந்து வழிவிடுவதால் வேகமான அடி வந்தாலும் எதிர்ப்பு தாறுமாறாக ஏறாது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் படிக்கு (க்யூப்) ஏற்ப மாறும். 0.10 மிமீ தகட்டை எடுத்துவிட்டு 0.15 மிமீ தகட்டை வைத்தால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விறைப்பு ஏறக்குறைய 3.4 மடங்கு. நகத்தில் வைத்து வளைத்துப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு நுணுக்கமாக மாற்ற முடிவதுதான் கார்ட்ரிட்ஜின் பலம்.

இன்னொன்று. தலைகீழ் ஃபோர்க் (தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயும் இருப்பது) என்றாலே உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். யமஹா ஆர்3க்கு 2019ல் 37 மிமீ தலைகீழ் ஃபோர்க் வந்தது, ஆனால் வெளியே திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். ரோட்டு பைக்குகளில் பெரும்பாலும் மென்மையான ஸ்பிரிங்தான் வரும், யார் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கக்கூடாது என்பதற்காக. ஃபோர்க்கின் ஒரு காலில், அதாவது ஒரு பக்கக் குழாயில், 0.70 கிலோ/மிமீ ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு காலும் சேர்ந்து 1.4. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 100 கிலோ கூடுதலாக ஏறினால் ஃபோர்க் சுமார் 71 மிமீ அமுங்கும். ஸ்பிரிங்கை 0.90க்கு மாற்றினால் அதே 100 கிலோவுக்கு 56 மிமீதான். மொத்தப் பயணமே சுமார் 120 மிமீ இருக்கும் ஃபோர்க்கில் இந்த 15 மிமீ ரொம்பப் பெரிய விஷயம், டயர் தத்துவதா பிடிப்பதா என்பது அந்த இடத்தில்தான் முடிவாகிறது. (ஃபோர்க்கின் சாய்வையும் உள்ளே இருக்கும் காற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, வித்தியாசத்தைக் காட்ட இது போதும்.)

பிரிலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) ஏற்றினாலே ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நிறையப் பேர் இன்னும் நம்புகிறார்கள். ஆகாது. பிரிலோடு பைக்கின் முன்பக்க உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியேதான் இருக்கும். மென்மையான ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கி உயரத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு, ஆரம்பத்தில் கல் மாதிரியும் பாதிக்குமேல் பஞ்சு மாதிரியும் ஒரு ஃபோர்க் கிடைக்கும். ட்ராக்குக்கு ஒரே சீரான விறைப்புள்ள ஸ்பிரிங்கே வாங்குங்கள். போகப்போக விறைப்பு கூடும் புரோகிரசிவ் ஸ்பிரிங் ரோட்டுக்குச் சரி. ட்ராக்கில் அது அமுங்கும் ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி நடந்துகொள்வதால் கைக்குப் பழக நேரம் எடுக்கிறது.

ஸ்பிரிங் சரியா என்று பார்க்க சேக் அளக்க வேண்டும், அதாவது முழு ரைடிங் கியரோடு நீங்கள் உட்காரும்போது ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று. ட்ராக்குக்கு 30 முதல் 35 மிமீ நல்ல தொடக்கம். ஒரு தடவை அளந்தால் போதாது. முன்பக்கத்தைத் தூக்கி மெதுவாக இறக்கி ஒரு அளவு, அழுத்தி மெதுவாக விட்டு ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான சேக். இரண்டு அளவுக்கும் உள்ள இடைவெளி உராய்வைக் காட்டும். என் பைக்கில் ஒரு தடவை அந்த இடைவெளி 18 மிமீ வந்தது. புது சீல், புது ஆயில், ஆனாலும் ஃபோர்க் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. ஒரு நாள் முழுக்கக் கழற்றி மாட்டிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஆக்சிலின் கிளாம்ப் போல்ட்டை, ஃபோர்க்கை நாலு தடவை அழுத்தி இரண்டு கால்களும் தானாக நேராவதற்கு முன்பே இறுக்கியிருந்தேன். தளர்த்தி, அழுத்தி, திரும்ப இறுக்கியதும் இடைவெளி 7 மிமீக்கு வந்துவிட்டது. புதிதாக எதையும் வாங்காமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் அது, இன்றைக்கும் யார் பைக்கைப் பார்த்தாலும் முதலில் அந்த போல்ட்டைத்தான் பார்க்கிறேன்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புட்டியில் 10 டபிள்யூ என்று போட்டிருப்பதை நம்பி பிராண்டை மாற்றாதீர்கள். ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 7.5ஐவிட இளக்கமாக இருக்கலாம். 40 டிகிரியில் சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) எவ்வளவு என்று விவரத்தாளில் இருக்கும், அதை ஒப்பிடுங்கள்.

ஸ்பிரிங்குக்கு அடுத்த படி எமுலேட்டர். ரேஸ் டெக்கின் கோல்ட் வால்வ் எமுலேட்டர்தான் இதில் பெயர்பெற்றது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன வால்வு, அதன் மேல் குட்டி ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு தட்டு. டேம்பர் ராடின் தலையில் உட்கார்ந்துகொள்ளும், மேலே இருக்கும் பெரிய ஸ்பிரிங் அதை அமுக்கிப் பிடிக்கும். டேம்பர் ராடின் கீழ்த்துளைகளை 8 மிமீக்குப் பெரிதாக்க வேண்டும், மொத்தம் 6 துளை, அப்போதுதான் ஆயிலைக் கட்டுப்படுத்தும் வேலை துளையிடமிருந்து வால்வுக்குப் போகும். மாற்றம் உடனே தெரியும். டைவ் நிதானமாகிறது, கர்ப் மேல் ஏறினாலும் கை அதிர்வதில்லை. கார்ட்ரிட்ஜுக்கு ஆகும் செலவில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு ஆகும்.

பிறகு ஏன் இதோடு நிறுத்தவில்லை என்றால் இரண்டு காரணம். எமுலேட்டர் கம்ப்ரஷனை (ஃபோர்க் அமுங்கும்போது வரும் எதிர்ப்பை) மட்டும்தான் சரிசெய்கிறது, ரீபவுண்ட் (எழும்பும்போது வரும் எதிர்ப்பு) பழைய துளையையும் ஆயிலின் கெட்டித்தன்மையையும் நம்பியே இருக்கிறது. வளைவுக்குள் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே நுழைகிற ட்ரெயில் பிரேக்கிங்கில் ஃபோர்க் எந்த வேகத்தில் எழும்புகிறது என்பதுதான் எல்லாமே. காலையில் சரியாக இருந்த ரீபவுண்ட், மதிய வெயிலில் ஆயில் சூடாகி இளகியதும் துள்ள ஆரம்பித்துவிடும். இன்னொரு காரணம், சரிசெய்கிற சிரமம். வால்வு ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கால் சுற்று மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால்கூட மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட வால்வை வெளியே எடுக்க வேண்டும். இரண்டு செஷனுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் அதை யாரும் செய்யப்போவதில்லை.

கார்ட்ரிட்ஜ் கிட்டில் இந்த இரண்டும் தீர்ந்துபோகிறது. ஓலின்ஸ் நிக்ஸ் 30, ஆண்ட்ரியானி, கே-டெக் என்று பல இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு காலில் கம்ப்ரஷன், இன்னொரு காலில் ரீபவுண்ட் என்று பிரித்து வைத்திருப்பார்கள், மேல் மூடியில் ஸ்க்ரூவைத் திருகினால் போதும். நிக்ஸ் 30ல் உள்ள 30 என்பது பிஸ்டனின் விட்டம். பிஸ்டன் பெரிதாக இருந்தால் அதே டேம்பிங்கை (ஆயில் தரும் எதிர்ப்பை) குறைந்த அழுத்தத்திலேயே கொடுக்க முடியும், அதனால் மெல்லிய அசைவுகளில்கூட ஃபோர்க் மிருதுவாகப் பேசும். நான் எமுலேட்டரிலிருந்து கார்ட்ரிட்ஜுக்கு மாறியபோது டைவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதை ஸ்பிரிங் முன்பே சரிசெய்துவிட்டிருந்தது. வித்தியாசம் வளைவின் நடுவில் தெரிந்தது. பைக் சாய்ந்திருக்கும்போது முன் டயர் என்ன செய்கிறது என்று கைக்குத் தெளிவாக வந்தது, அந்தத் தெளிவுதான் அடுத்த லேப்பில் இன்னும் கொஞ்சம் தைரியமாக நுழைய வைத்தது. காற்றழுத்தம் ஏற்றிய டிடிஎக்ஸ் 25 மாதிரி கார்ட்ரிட்ஜ்கள் இதற்கும் மேலே, ஆயிலில் குமிழி உருவாவதைத் தடுப்பவை. பந்தயத்தில் ஓடுபவர்கள் வாங்கட்டும், மாதம் ஒரு நாள் ட்ராக்குக்குப் போகிறவர்களுக்கு அவசியமில்லை.

உங்கள் பைக்கில் முன்பே ஷிம் அடுக்குள்ள ஃபோர்க் இருந்தால், உதாரணமாக 2009ல் இசட்எக்ஸ்-6ஆரில் வந்த ஷோவா பிக் பிஸ்டன் ஃபோர்க் மாதிரி, புது கிட்டுக்கு ஓடாதீர்கள். ஸ்பிரிங்கை மாற்றி, ஷிம் அடுக்கை உங்களுக்கேற்ப மாற்றியமைத்தால் பாதிச் செலவுகூட ஆகாது.

முழு ஃபோர்க் மாற்றம் பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை. எஸ்வி650க்கு ஜிஎஸ்எக்ஸ்-ஆரின் முன்பக்கத்தை மாட்டுவது நெடுநாள் பழக்கம், பலர் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் ஃபோர்க்கோடு நிற்காது. ட்ரிப்பிள் கிளாம்ப், ஸ்டீயரிங் தண்டு, பேரிங், சக்கரம், ஆக்சில், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஹேண்டில்பார் என்று வரிசையாக வரும். ட்ரிப்பிள் கிளாம்பின் (ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் பாகம்) ஆஃப்செட், அதாவது ஸ்டீயரிங் தண்டுக்கும் ஃபோர்க்குக்கும் உள்ள இடைவெளி, குறைந்தால் ட்ரெயில் (ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடும், பைக் திரும்பவே மறுக்கும். ஆஃப்செட் கூடினால் ட்ரெயில் குறையும், நேர்ப்பாதையில் முன்பக்கம் ஆட ஆரம்பிக்கும். நண்பருக்கு ஃபோர்க்கின் நீளமும் ஒத்துவரவில்லை, பின்பக்க உயரத்தையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் பைக் பைக்காக ஓடியது. இவ்வளவுக்கும் பிறகு உள்ளே இருந்தது அந்தப் பெரிய பைக்குக்கான ஸ்பிரிங், அதையும் மாற்ற வேண்டியிருந்தது. நல்ல பிரேக்கும் சேர்ந்து வேண்டும், வேலை தெரியும், நேரமும் இருக்கிறது என்றால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

எதைப் போட்டாலும் சரிசெய்யும் வரிசை ஒன்றுதான். முதலில் டயர் பிரஷர், அப்புறம் சேக், அப்புறம் ரீபவுண்ட், கடைசியில் கம்ப்ரஷன். ஸ்க்ரூவை முழுக்க மூடி அங்கிருந்து கிளிக்கை எண்ணுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மட்டும். மாற்றியதை எழுதி வையுங்கள். ஃபோர்க் குழாயில் ஒரு ஸிப் டை கட்டிவிட்டால் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டும். ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை முழுக்க அமுக்கி உண்மையான அடி எங்கே என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸிப் டை சொல்வது புரியாது. மிகக் கடினமான பிரேக்கிங்குக்குப் பிறகும் 10 முதல் 15 மிமீ மிச்சம் இருக்க வேண்டும். கடைசிப் பகுதியில் மட்டும் முட்டுகிறது, மற்ற இடங்களில் நன்றாக இருக்கிறது என்றால் கம்ப்ரஷனைத் தொடாமல் ஆயில் மட்டத்தை 5 மிமீ ஏற்றுங்கள். மேலே அடைபட்டிருக்கும் காற்று சுருங்கச் சுருங்கத் தானே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும், அதுவும் கடைசியில்தான் பலமாக.

போன தடவை ட்ராக்கில் என் பைக்கின் ரீபவுண்ட் 12 கிளிக்கில் இருந்தது. பிரேக்கை விட்டதும் முன்பக்கம் சற்று அவசரமாக எழும்பியதால் 10க்குக் கொண்டுவந்தேன், வளைவின் கோடு இறுகியது. ஆசையில் 8க்குப் போனபோது அடுத்தடுத்த மேடுகளில் ஃபோர்க் எழும்ப நேரமில்லாமல் கீழேயே தங்கிவிட்டது, டயர் பிடிப்பு குறைந்தது. திரும்ப 10. ஸிப் டை அடியிலிருந்து 14 மிமீ தள்ளி நின்றது, கம்ப்ரஷனை நான் தொடவில்லை.