விஏஓவா, இளநிலை உதவியாளரா?

விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) ஆவதா, அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆவதா? டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் வென்றவர்களுக்கு, பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்ததும் வீட்டுக்கு வீடு நடக்கும் விவாதம் இது. சம்பளத்தை வைத்து முடிவெடுக்க வழியில்லை. இரண்டுக்குமே அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில்தான் தொடங்குகிறது. 2018 முதல் தேர்வும் ஒன்றுதான். அப்படியென்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பத்து வருடம் கழித்து என்ன தெரிந்தவராக இருப்பீர்கள், எந்த நாற்காலியில் இருப்பீர்கள் என்பதைத்தான்.

விஏஓ ஆனால் நிலம் தெரியும். சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேடுகள், ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குத் தணிக்கை எல்லாம் இரண்டு பசலி ஆண்டுகளில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) கைவந்துவிடும். எந்த சர்வே எண்ணில் என்ன வழக்கு, யார் யாருக்குப் பங்காளிச் சண்டை என்பதும் தெரிந்துவிடும். 1980 வரை பரம்பரையாகக் கர்ணமும் முன்சீப்பும் பார்த்த வேலை, இன்றும் ஊர் அதே மரியாதையோடு பார்க்கிறது. ஆனால் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்ள ஆள் கிடையாது. நேரமும் கிடையாது: வெள்ளம், தேர்தல், போலீஸ் மகஜரில் (சம்பவ இடத்தில் எழுதும் பதிவு) சாட்சிக் கையெழுத்து, அப்புறம் அதற்காகக் கோர்ட் படியேறுவது. ஆபத்தும் உண்டு. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த விஏஓவை அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை என்று இதை எடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இளநிலை உதவியாளர் வேலை தொடக்கத்தில் சப்பென்றுதான் இருக்கும். தபால், தன் பதிவேடு (தன்னிடம் வரும் கோப்புகளைக் குறித்து வைப்பது), நினைவூட்டுக் கடிதம். ஆனால் விதியைக் காட்டிக் குறிப்பு எழுதும் பழக்கம் இங்கேதான் வரும். அது கடைசி வரை சோறு போடும். தவறினால் திருத்த மேலே ஆள் இருக்கிறார்கள். பவானிசாகரில் உள்ள அரசுப் பயிற்சி நிலையத்தில் பெறும் பயிற்சியும், மே, டிசம்பரில் நடக்கும் துறைத் தேர்வுகளும்தான் ஏணி. முதல் இரண்டு வருடங்களில் அவற்றை முடிக்காதவர், பின்னால் வந்தவருக்குக் கீழே உட்கார நேரலாம்.

தாசில்தார், அதாவது வட்டாட்சியர், ஆவதுதான் ஆசை என்றால், என் கணக்கில் வருவாய்த்துறை இளநிலை உதவியாளர்தான் சரி. உதவியாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று நேர் வரிசை. விஏஓவும் உதவியாளராகி அதே வரிசைக்கு வரலாம், ஆனால் நடுவில் வந்து சேர வேண்டும்.

அடுத்த நிலைத் தேர்வான குரூப் 2 எழுதும் எண்ணம் இருந்தாலும் அலுவலக வேலையே மேல், பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை என்று ஒரு எல்லையாவது இருக்கிறது. (வருவாய்த்துறையில் அந்த எல்லை காகிதத்தில் மட்டும்தான்.)

இளநிலை உதவியாளர் வேலையை எடுப்பவர்களில் பலர் கோட்டை விடுவது துறையைத் தேர்ந்தெடுப்பதில். பதிவுத்துறையில் சேர்ந்தவர் உதவியாளராகி சார்பதிவாளர் வரை போகலாம். வணிகவரித்துறையில் துணை மாநில வரி அலுவலர் ஆகலாம். பணியிடங்களே சொற்பமான சிறு துறையில், மேலே இருப்பவர் ஓய்வு பெறும் வரை அதே சீட்தான். வீட்டுக்குப் பக்கத்து மாவட்டம் கிடைக்கிறது என்று அப்படியொரு துறையை எடுப்பதைவிட விஏஓவாகப் போவது எவ்வளவோ மேல்.

ஆகவே கலந்தாய்வுக்குப் போகும் முன், நீங்கள் நினைக்கும் துறையில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, பதவி உயர்வுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று தெரிய ஒன்றை மட்டும் கேளுங்கள்: இப்போது உதவியாளராக இருப்பவர்கள் எந்த வருடம் பணியில் சேர்ந்தவர்கள்?