மெட்டாலிகா: ‘செயின்ட் ஆங்கர்’ கேட்பதா, ‘டெத் மேக்னெடிக்’ கேட்பதா?

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் எண்பதுகளின் பாடல்களில் ஊறியவர்கள் பிற்கால ஆல்பங்களுக்கு வரும்போது தயங்கி நிற்பது இந்த இரண்டின் முன்தான்.

டிரம்ஸ்: ‘செயின்ட் ஆங்கர்’ (2003) ஆல்பத்தில் ஸ்னேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிகளைத் தளர்த்திவிட்டு அடித்திருக்கிறார் லார்ஸ் உல்ரிக். ‘சரக்’ என்று வெட்ட வேண்டிய அடி, காலித் தகர டின்னைத் தட்டியதுபோல் ‘டங் டங்’ என்கிறது. முதல் பாட்டில் வேடிக்கை, நான்காவதில் தலைவலி. ‘டெத் மேக்னெடிக்’கில் (2008) டிரம்ஸ் டிரம்ஸாகவே கேட்கிறது.

கிடார் சோலோ (பாட்டின் நடுவே கிடார் மட்டும் முன்னே வந்து தனித்து வாசிக்கும் பகுதி): முன்னதில் ஒன்றுகூட இல்லை. கிர்க் ஹாமெட் மாதிரி ஒரு கிடார் கலைஞரைக் கையில் வைத்துக்கொண்டு! பின்னதில் தாராளம்.

ஒலி: இங்கே சறுக்குவது பின்னதுதான். சத்தத்தை ஏற்றி ஏற்றி, ஒலியலையின் முனையே வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது. ஹெட்போனில் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். இதே பாடல்கள் ‘கிடார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் தெளிவாக ஒலித்ததால், ரசிகர்கள் அந்தப் பதிப்பைத் தேடிப் பிடித்தார்கள்.

நீளம்: இரண்டும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இரண்டுக்கும் கத்தரி தேவை.

ஆவேசம்: முன்னது உருவான காலத்தில் பாஸ் கிடார் வாசித்தவர் விலகிவிட்டார், பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மறுவாழ்வு சிகிச்சைக்குப் போய்த் திரும்பினார், பதிவில் பாஸ் வாசித்தது தயாரிப்பாளர் பாப் ராக். கோபம் நிஜம், பாட்டுதான் வரவில்லை. பின்னதில் பழைய வேகத்தைத் திட்டம் போட்டு மீட்டிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

பாட்டு வேண்டுமென்றால் ‘டெத் மேக்னெடிக்’, ஒலியளவைக் குறைத்து. ஒரு குழு உடையும் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் ‘செயின்ட் ஆங்கர்’, ஒரே ஒரு முறை.