“ரிங் போச்சு சார்” என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

பல வருஷம் மூடிக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளை ஓட்ட எடுக்கிறவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது சி.பி. பாயிண்ட் (திறந்து மூடி பிளக்குக்குத் தீப்பொறி தரும் முனை) காலத்து ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி, ஒற்றை சிலிண்டர். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைத் தூக்கலாக்கும் சோக்கைப் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும். ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் நீலப் புகை. கோளாறு இவ்வளவுதான்.

கடைக்காரர் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டினார். ஆக்சிலரேட்டரைத் திருகாமலே கிக்கரை உதைத்தார். முள்ளைக் காட்டி, “பாத்தீங்களா, ரிங் போச்சு சார், போர் பண்ணியே ஆகணும்” என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்; போர் பண்ணுவது என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. திராட்டில் (ஆக்சிலரேட்டரைத் திருகினால் திறக்கும் காற்று வழி) மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே ஒழுங்காகப் போகாது. நல்ல இன்ஜினுக்கும் முள் கீழேதான் நிற்கும். முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டுதான் உதைக்க வேண்டும். இத்தனை காலம் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதாம்!

ஓவர்சைஸ் பிஸ்டன் (பெரிதாக்கிய சிலிண்டருக்கேற்ற பெரிய பிஸ்டன்), லேத் கூலி, வால்வு வேலை, கார்பரேட்டர் ஓவர்ஹால் என்று பில் நீண்டது. வண்டி வந்தது. சோக்கை எடுத்தேன், அணைந்தது. கேட்டால், “புது போர் டைட்டா இருக்கும் சார், ஓட ஓட சரியாயிடும்.”

வேறொரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்து ஸ்க்ரூக்களைக் காட்டினார். தலைப் பள்ளத்தில் பழைய மண்ணும் எண்ணெயும் கெட்டியாக அப்படியே இருந்தன. ஓவர்ஹால் என்று பில் போட்டவர்கள் ஸ்க்ரூடிரைவரைக்கூட வைக்கவில்லை. கழற்றினால் உள்ளே அரக்கு மாதிரிப் பழுப்புப் படலம். பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார், ஓட்டையே தெரியவில்லை. நின்றுபோன பெட்ரோல் விட்டுப்போகும் பிசின் முதலில் அடைப்பது இந்த ஊசித்துளையைத்தான். அது அடைத்தால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் ஓடும்போது, பெட்ரோல் போதாது, சோக் இருக்கும்வரைதான் ஓடும்.

புகைக்கும் ரிங்குக்கும் சம்பந்தமில்லை. என் வண்டி ட்ரை சம்ப், அதாவது ஆயில் இன்ஜினின் அடியில் இல்லாமல் தனி டேங்கில் இருக்கும். நெடுநாள் நின்றால் அந்த ஆயில், பம்ப் வழியாகக் கசிந்து இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் இறங்கிவிடும், ஸ்டார்ட் செய்ததும் அதுதான் எரியும். இந்த மாதிரி வண்டியை உதைக்கும் முன் கிராங்க்கேஸ் டிரெயின் போல்ட்டைத் திறந்து வடித்துவிடுங்கள்.

பழைய பிஸ்டனை நான் விடாமல் கேட்டு வாங்கியிருந்தேன். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கர்ட்டில், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில், கம்பெனியில் கடைந்த மெல்லிய வரிகள்கூட அழியவில்லை, ஒரு கீறல் கிடையாது. ரிங்குகள் காடிக்குள் தாராளமாகச் சுற்றின. பணம் போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல். கடைந்த சிலிண்டர் கடைந்ததுதான். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் சிலதான் உண்டு, அதில் ஒன்று வீணாகப் போனது.

ஆகவே ஹெட்டைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் புதுப் பெட்ரோல், சுத்தமான ஜெட், தீட்டிய பாயிண்ட் மூன்றையும் கண்ணால் பாருங்கள். சூடானதும் நின்று, ஆறினால் ஓடினால் பாயிண்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரஷன் நிஜமாகவே குறைந்தால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ரிங் என்றாலும் அவசரப்படாதீர்கள், நின்ற வண்டியில் காடிக்குள் ஒட்டிக்கொண்ட ரிங் ஊறவிட்டால் பல நேரம் விட்டுக்கொடுக்கும்.

பில்லையும் பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். பிஸ்டனை அவர் கையில்கூட வாங்கவில்லை. “கார்பரேட்டர் கூலியை வேணா அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாம் சார்” என்றார்.