ஏலகிரி ஏற சைக்கிளில் முன்னால் ஒரு பல்சக்கரமா, இரண்டா?

பொன்னேரியில் தொடங்கி ஏலகிரி உச்சிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் எங்களுக்கு அது வேலூர் மலைதான். போன மாசியில் ஏழாவது வளைவில் என் மவுண்டன் பைக் என்னை இறக்கிவிட்டது. முன்னால் இரண்டு பல்சக்கரம் உள்ள வண்டி. ஏற்றத்தில் பெடலை அழுத்திக்கொண்டே 36 பல்லில் இருந்து 22-க்கு மாற்றினேன். செயின் சின்னதையும் தாண்டி விழுந்து, ஃப்ரேமுக்கும் கிராங்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. விரலெல்லாம் கருப்பு கிரீஸ். கூட வந்த தம்பியின் வண்டியில் முன்னால் ஒன்றே ஒன்று. "மேல டீக்கடையில இருக்கேண்ணா" என்று போய்விட்டான்.

தப்பு என்னுடையதுதான். ஏற்றம் வரும் முன்பே, கால் அழுத்தத்தைக் குறைத்து மாற்றியிருக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். அவன் வண்டியில் முன்னால் 32 பல். பின்னால் 12 அடுக்கு, 10 முதல் 51 பல் வரை. எனக்குப் பின்னால் 10 அடுக்கு, 11 முதல் 36 வரை. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று என்று வரும்; குறைந்தால் மிதி லேசு. 32-ஐ 51-ஆல் வகுத்தால் 0.63, 22-ஐ 36-ஆல் வகுத்தால் 0.61. 29 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் இரண்டு பேருமே மணிக்கு 5 கி.மீ. வேகத்தில்தான் ஊர்வோம். மறுகோடியில், அதாவது வேகமான கியரில், அவனுக்கு 3.2, எனக்கு 3.27. 'ஒன்றை வைத்து மலை ஏற முடியாது' என்ற பேச்சு, 2012-இல் ஸ்ராம் நிறுவனம் 10 முதல் 42 பல் வரையிலான கேசட்டை (பின்பக்கப் பல்சக்கர அடுக்கை) கொண்டுவந்தபோதே பழசாகிவிட்டது.

வித்தியாசம் செயினில் இருக்கிறது. ஏலகிரி முழுக்க அவன் செயின் உள்பக்கத்துப் பெரிய பல்சக்கரங்களில் கோணலாக ஓடும். நானோ 22-இல் போட்டுவிட்டால் பின்னால் 28, 32 என்று அதைவிட நேராகவே போவேன். கோணல் கூடினால் உராய்வும் தேய்மானமும் கூடும். தேய்ந்தபின் 12 அடுக்குக் கேசட்டின் விலையைக் கேட்டால் மலை ஏறாமலே மூச்சு வாங்கும்.

அமிர்தி பக்கத்துக் கல்பாதை என்றால் கதையே வேறு. முன்னால் இருக்கும் ஒற்றைப் பல்சக்கரத்தில் ஒரு பல் தடிமன், அடுத்தது மெல்லிசு என்று மாறி மாறி இருக்கும். செயினின் அகலமான கண்ணியும் குறுகலான கண்ணியும் அதில் கச்சிதமாக உட்காரும். எகிறிக் குதித்தாலும் லேசில் கழன்று வராது. மழைக்குப் பிறகு செம்மண் அப்பிக்கொள்ள முன் டிரெயிலியரே (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) கிடையாது. இடது கைக்கு பிரேக் மட்டும்தான் வேலை. அங்கே நான் ஒற்றைக்கே ஓட்டுப் போடுவேன்.

ஆனால் விலை குறைந்த வண்டிகளில் ஒரு சூது இருக்கிறது. 'இப்போ சிங்கிள்தான் டிரெண்ட்' என்று முன்னால் 32 மாட்டி, பின்னால் 34-இல் முடியும் எட்டு அடுக்கு ஃப்ரீவீலைக் கொடுத்துவிடுவார்கள். 32-ஐ 34-ஆல் வகுத்தால் 0.94. என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு கனமான மிதி. சத்துவாச்சாரியில் இருந்து காட்பாடிக்கு டீ குடிக்கப் போக அது தாராளம். ஏலகிரியில் மூன்றாவது வளைவிலேயே தள்ள ஆரம்பிப்பீர்கள்.

கடையில் பெயின்டைப் பார்க்கும் முன் குனிந்து, பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தைப் பாருங்கள். பல் எண்ணிக்கையைப் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் விரல் வைத்து எண்ணுங்கள். 42-க்குக் கீழே என்றால், மலை ஏற, முன்னால் இரண்டு பல்சக்கரம் உள்ளதையே கேளுங்கள்.